விலை கூடிய மதர்போட் வாங்கத்தான் வேண்டுமா?



விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ற் நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. பழைய கணனிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. அதனால் எங்கள் வீடுகள் பலவற்றில் இப்போது புதுக் கணனி வாங்கும் பேச்சு நடக்கிறது. பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாங்களே பூட்டுவோம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அவர்கள் எழுதித் தரும் பட்டியலில் ஒரு வரிதான் பெற்றோரைத் திகைக்க வைக்கிறது. அது தாய்ப்பலகை, அதாவது மதர்போட்.

கணனி பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். என்னிடம் வரும் பெற்றோரில் இரண்டு வகையினரைக் காண்கிறேன். ஒரு பகுதியினர், நாங்கள்தான் ஊரில் இடையில் படிப்பை விட்டுவிட்டு வந்தோம், பிள்ளைக்காவது குறை வைக்கக்கூடாது என்று, இரவு வேலை செய்து சேர்த்த காசைக் கேட்ட கேள்வியில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். மற்றப் பகுதியினர், இது என்ன வீண் செலவு என்று முழுவதையுமே மறுத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. அதைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

கணனியை ஒரு குசினி என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும் ஆள் புரொசெசர். அடுப்பு, அலுமாரி, தண்ணீர்க் குழாய், மின்சார இணைப்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் குசினிதான் மதர்போட். குசினியைப் பெருப்பித்தால் இன்னும் இரண்டு அடுப்பு வைக்கலாம். ஆனால் அதே ஆள் அதே கறியை முன்னரைவிட விரைவாகச் சமைக்கப் போவதில்லை. மதர்போட்டில் கூடக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வேகத்தை வாங்குவதில்லை. இணைப்பு வசதிகளைத்தான் வாங்குகிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 9700எக்ஸ் என்ற புரொசெசரைப் பிள்ளை தெரிவு செய்திருக்கிறார். அதற்கு பி850 சிப்செற் உள்ள மதர்போட்டும் பொருந்தும், எக்ஸ்870ஈ உள்ளதும் பொருந்தும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் 200 டொலர் என்று வைப்போம். இங்கே ஒன்ராறியோவில் 13 வீத வரியையும் சேர்த்தால் 226 டொலர். பாட வேலையிலோ விளையாட்டிலோ இரண்டுக்கும் இடையிலான வேக வித்தியாசத்தை உங்கள் கண் அறியாது. எக்ஸ்870ஈயில் கிடைப்பது கூடுதலான யுஎஸ்பி வாசல்கள், எஸ்எஸ்டி செருகும் கூடுதல் இடங்கள், செக்கனுக்கு 40 ஜிகாபிற் வரை அனுப்பக்கூடிய யுஎஸ்பி4 ஆகியவை. இவற்றைப் பாவிப்பவருக்கு அது நியாயமான விலை. பாவிக்காதவருக்கு அது பூட்டிக் கிடக்கும் அறைக்குக் கட்டும் வாடகை.

"விலை கூடியதை வாங்கினால் பிறகு புதுப் புரொசெசர் போடலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. எதிர்காலத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது விலையல்ல, புரொசெசர் அமரும் சொக்கெற்தான். ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெற் 2016இல் வந்தது. அதன் ஆரம்பகால மலிவான மதர்போட்கள் பலவற்றிலும்கூட, பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தபின், 2020இல் வந்த ரைசன் 5000 வரிசை வேலை செய்கிறது. 2022இல் வந்த ஏஎம்5 சொக்கெற்றுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு தருவதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. பி850, எக்ஸ்870ஈ இரண்டிலும் இருப்பது இதே சொக்கெற்தான்.

இன்ரெல் வாங்குபவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே புரொசெசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதற்குத்தான் இசட் வரிசைச் சிப்செற் முக்கியமாகத் தேவைப்படுகிறது. அந்த எண்ணம் இல்லாதவருக்குப் பொதுவாக பி வரிசை போதும்.

அப்படியானால் ஆக மலிவானதை வாங்கலாமா? அதுவும் கூடாது. பி840 என்றும் ஒரு சிப்செற் உண்டு. பி850க்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்தான், ஆனால் வசதிகள் நன்றாகக் குறைந்தது. பெயரில் ஓர் இலக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் வேறு பொருள் வீட்டுக்கு வந்துவிடும். புரொசெசருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியின் மேல் உலோகக் குளிர்த்தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 65 வாற் என்று குறிக்கப்பட்ட 9700எக்ஸுக்கு நடுத்தர மதர்போட் தாராளம். 170 வாற் என்று குறிக்கப்பட்ட, 16 கோர் கொண்ட ரைசன் 9 9950எக்ஸில் மணிக்கணக்காக வீடியோ வேலை செய்பவர் மட்டும் இந்தப் பகுதிக்குக் கூடக் காசு கொடுக்கலாம்.

காசைக் கொடுக்க முன் பிள்ளையுடன் ஆறுதலாக இருந்து இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. எத்தனை எஸ்எஸ்டி போடப் போகிறாய்? இரண்டு என்றால் அநேகமான பி850 மதர்போட்களில் இடம் உண்டு. சில மதர்போட்களில் ஓர் இடத்தில் எஸ்எஸ்டி செருகினால் கிராபிக்ஸ் காட்டுக்கான பாதை பாதியாகும். விலை கூடியவற்றிலும் இது உண்டு. கைநூலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. வைபை உள்ளேயே இருக்கிறதா? றவுட்டர் வேறு அறையில் இருந்தால் இது கட்டாயம். வீட்டு இணைய இணைப்பு 1 ஜிகாபிற் என்றால், இணையத்துக்காக 5 அல்லது 10 ஜிகாபிற் எதர்நெற்றுக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை.

3. நினைவகத்தை எப்படிப் போடப் போகிறாய்? ஏஎம்5இல் நான்கு துண்டுகள் போட்டால் வேகம் குறையும். இரண்டு துண்டுகளே நல்லது.

4. புரொசெசர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் வசதி உண்டா? கடையில் நாள்பட்டுக் கிடந்த மதர்போட் புதிய புரொசெசரை அடையாளம் காணாமல் விடலாம். அந்த நேரத்தில் இது கைகொடுக்கும்.

5. யுஎஸ்பி4இல் எதைச் செருகப் போகிறாய்? பதில் இல்லையென்றால் அதற்குக் காசும் இல்லை.

இந்தக் கேள்விகள் பிள்ளையை மடக்குவதற்கல்ல. எதற்காக வாங்குகிறோம் என்று பிள்ளையே யோசித்துச் சொல்வதற்கு. திரைப்படக்கலை படிக்கும் ஒரு பிள்ளை, வெளித்தட்டிலிருந்து நேரடியாக வீடியோ வெட்ட வேண்டும் என்று நியாயமான பதில் சொன்னால், அந்தக் கூடிய விலையை மனநிறைவோடு கொடுங்கள்.

பதில் வராவிட்டால் அந்த 226 டொலரை எங்கே போடலாம்? முதலில் நல்ல பவர் சப்ளை. மதர்போட்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பெயர் தெரியாத பவர் சப்ளையில் மிச்சம் பிடிப்பது, நல்ல வீடு கட்டி இத்துப்போன வயரை இழுப்பது போன்றது. அடுத்தது நினைவகம். 2025இன் கடைசி மாதங்களில் அதன் விலை வேகமாக ஏறியது. அதனால் அந்தக் காசு அங்கே உதவும். விளையாட்டுத்தான் முக்கியம் என்றால் கிராபிக்ஸ் காட்டில் போட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று. ஏஎம்5 மதர்போட்டில் மெல்லிய ஊசிகள் சொக்கெற்றில்தான் இருக்கின்றன. பூட்டும்போது அவை வளைந்தால் உத்தரவாதத்தில் மாற்றித் தருவது அரிது. சொக்கெற்றை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் மூடி, பெட்டி, பற்றுச்சீட்டு மூன்றையும் எறியாமல் வைத்திருங்கள்.

கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதும் முழுவதையும் மறுப்பதும் இலகுவான வழிகள். அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து கேட்பதுதான் கொஞ்சம் கடினம். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்கு வரியும் இல்லை, விலையும் இல்லை. மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.