நெடுஞ்சாலையில் இருவர் – 6: பின்னிருக்கையிலிருந்து தொடங்குவோம்

வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளை நெடும் பிரயாணத்துக்கு, அதுவும் இருவர் சேர்ந்து போகும் பிரயாணத்துக்கு ஏற்றபடி சீர்செய்துகொள்ள விரும்புகிறவர்கள், பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்தே வேலையை ஆரம்பிக்கிறார்கள். ஹாண்டில்பாரை உயர்த்துகிறார்கள், உயரமான காற்றுத்தடுப்புக் கண்ணாடி பூட்டுகிறார்கள், கைபேசிக்கு ஒரு தாங்கி வைக்கிறார்கள். இவ்வளவும் முடிந்து, பணமும் பொறுமையும் தீர்ந்துவரும் தறுவாயில்தான், பின்னால் உட்காரப்போகும் மனைவியோ சகோதரனோ சிநேகிதரோ எதன்மேல் உட்காருவார் என்கிற யோசனை வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹாண்டில்பார் இருக்கிறது, வளைவு வருவது முன்கூட்டியே தெரிகிறது, பிரேக் பிடிக்கும் கணத்தை அவரே நிர்ணயிக்கிறார். பின்னால் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. தவிர, அவருடைய வேதனை அவரோடு நிற்பதுமில்லை. இடுப்பு வலித்து அவர் ஒருமுறை நெளிந்தால் வண்டி முழுவதும் அசைகிறது, சறுக்கி முன்னால் வந்தால் அவருடைய பாரம் ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் வந்து இறங்குகிறது.

பந்தய வம்சத்து வாகனம் ஒருவருக்காகவே பிறந்தது என்பதை அதன் அங்க அமைப்பே சொல்லிவிடும். ஓசூரில் தயாராகி, 2017 டிசம்பரில் விற்பனைக்கு வந்த டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்ற வண்டியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். 312 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் என்ஜின், 17 அங்குலச் சக்கரங்கள், தரையிலிருந்து 810 மி.மீ. உயரத்தில் ஓட்டுநரின் இருக்கை. அதற்கும் மேலே, தனிப் படியாக, பின்னிருக்கை. பந்தயத்தில் வளைவுக்குச் சாயும்போது தரையில் உரசாதிருக்கக் கால்மிதிகள் உயர்கின்றன. காற்றைக் கிழித்துச் செல்ல வால் மேலெழுந்து ஒடுங்குகிறது. ஆகவே பின்னால் அமர்பவர் முழங்கால்களை மார்புக்கு அருகே மடக்கிக்கொண்டு, கைக்குப் பிடிப்பில்லாமல், ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் தம் தலை தெரிய வீற்றிருக்க வேண்டியதாகிறது. புடவை கட்டியவர் ஒருபக்கமாக அமர்ந்து போவதற்கு இப்படிப்பட்ட இருக்கை சற்றும் தகுந்ததல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னால் அமர்பவருக்கு நிலையான கைப்பிடியும், கால்மிதியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அழகு கெடுகிறதென்று சாரி கார்ட் என்கிற அந்தத் தடுப்பைக் கழற்றி எறிகிறவர்கள் எந்த ஆபத்தை உத்தேசித்து அந்த விதி எழுதப்பட்டது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருக்கையைச் சீர்செய்வதற்கு அயல்நாட்டுச் சாமான்கள் தேவையில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் போனால், இந்த வேலையிலேயே கை பழுத்துப்போன சீட் தொழிலாளிகளைக் காணலாம். அப்படிப்பட்ட ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்திலேயே நின்று கவனித்திருக்கிறேன். ரெக்சினை உரித்தார், உள்ளிருந்த ஃபோமைக் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்தினார், வண்டியில் என் மனைவியை உட்காரச் சொல்லி, “அம்மா, எந்த எலும்பு முதல்லே வலிக்குது?” என்று கூச்சமில்லாமல் கேட்டு, அவள் காட்டிய இரண்டு இடங்களிலும் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு, முன்னோக்கிச் சரிந்திருந்த பாகத்தில் கெட்டியான ரீபாண்டட் ஃபோமை ஆப்பு வடிவில் வெட்டி ஒட்டி, மேற்பரப்பை மட்டமாக்கி, அதன்மேல் ஒரு விரற்கடைக்கும் குறைவான மிருதுவான ஃபோமைப் பரப்பினார். இந்தக் கிரமம் முக்கியமானது. முழுவதும் மிருதுவாக அமைந்த இருக்கை கடைவாசலில் பஞ்சு மெத்தையாகத் தோன்றினாலும், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் நசுங்கி, அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு உறைக்கத் தொடங்கிவிடும். கெட்டியானது பாரத்தைத் தாங்க, மிருதுவானது அதைப் பரவலாக்க, மட்டமான மேற்பரப்பு சறுக்கலை நிறுத்துகிறது. ரெக்சினுக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் விரிக்கச் சொல்லுங்கள். தையல் வழியே மழைநீர் இறங்கி ஃபோமில் ஊறிவிட்டால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது.

முழங்காலின் மடக்கைக் குறைக்க இரண்டு மார்க்கங்கள் உண்டு: இருக்கையை உயர்த்தலாம், அல்லது கால்மிதியைத் தாழ்த்தலாம். முன்னது சுலபம், ஆனால் உயர்த்திய ஒவ்வோர் அங்குலமும் பின்னால் இருப்பவரின் தலையை மேலும் காற்றில் நீட்டுகிறது, வண்டியின் பாரமையத்தையும் மேலே தூக்குகிறது. ஆகையால், 40 அல்லது 50 மி.மீ. தாழ்த்தும் உறுதியான இணைப்புத் துண்டுகளைப் பொருத்தி, கால்மிதியை இறக்குவதையே நான் சிபாரிசு செய்வேன்; புகைக்குழாய்க்குக் குதிகால் எவ்வளவு சமீபத்தில் வருகிறது என்பதை மட்டும் வண்டியில் அமர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஷாக் அப்சார்பர். இருவர் பிரயாணத்தில் இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை; இதைப்போல அலட்சியம் செய்யப்படுவதும் வேறில்லை. பின்னால் அமர்பவரின் எடை அநேகமாக முழுவதும் பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. வால் அமிழ்ந்து மூக்கு நிமிர்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொல்லைகள் கிளம்புகின்றன: ஹாண்டில் மந்தமாகி வளைவில் வண்டி வெளிப்புறமாக ஒதுங்குகிறது, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது, ஸ்பிரிங் தன் வேலைக்குரிய தூரத்தையெல்லாம் இருவரைச் சுமப்பதிலேயே செலவிட்டுவிட்டபடியால், ஒவ்வொரு பள்ளமும் பின்னால் இருப்பவரின் முதுகெலும்பில் நேராக இடிக்கிறது. அளந்து பார்ப்பதற்கு ஒரு டேப்பும் மூன்றாவது ஆள் ஒருவரும் போதும். பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே வாலில் ஒரு குறி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இருவரும், சாமான்களுடனும் தலைக்கவசத்துடனும், கால்களை மிதிகளில் வைத்து அமர்ந்திருக்க, மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும், 120 மி.மீ. அசைவிருந்தால் 40 மி.மீ. என்று கொள்ளலாம். இதைவிட அதிகமாக அமிழ்ந்தால், சி-ஸ்பேனரால் ஸ்பிரிங்கை இறுக்கும் ப்ரீலோட் வளையத்தைத் திருகி ஏற்றவேண்டும். ஆனால் ப்ரீலோடை ஏற்றுவதால் ஸ்பிரிங் வலுவடைந்துவிடுவதில்லை. வண்டி நிற்கும் உயரம் மாத்திரமே மாறுகிறது. முழுக்கத் திருகியும் வால் நிமிரவில்லையென்றால் வேறு ஸ்பிரிங் போடுவதைத் தவிர வழி கிடையாது; அந்தச் செலவுக்காகக் கண்ணாடியையும் அலங்காரங்களையும் தயங்காமல் ஒத்திப்போடலாம். இருவரும் அமர்ந்த நிலையிலேயே செயினின் தொய்வையும், முகப்பு விளக்கு விழும் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். டயருக்கு இருவர் பாரத்துக்கென்று தயாரிப்பாளர் தனியே குறித்த காற்றழுத்தத்தை, புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே ஏற்ற வேண்டும்.

ஓட்டுகிறவரின் விஷயத்துக்கு இப்போது வரலாம். வேக வாகனத்தை யாத்திரை வாகனமாக்குவது நம் காலத்து விநோதமன்று. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1976-இல் வெளியிட்ட ஆர்.100 ஆர்.எஸ்., ஹான்ஸ் மூத் என்ற கலைஞரின் கைவண்ணத்தில், காற்றுச்சுரங்கத்தில் பரீட்சித்து உருவான முழுக் காற்றுக்கவசத்துடன், தாழ்ந்த கைப்பிடியோடு விரைவுக்காக வந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே என்ஜினையும் அதே சட்டகத்தையும் வைத்துக்கொண்டு, கைப்பிடியை உயர்த்திக் கவசத்தை அகலமாக்கி, ஆர்.100 ஆர்.டி. என்ற யாத்திரை வண்டியை அவர்களே கொண்டுவந்தார்கள். கைப்பிடியை 25 மி.மீ. உயர்த்திச் சற்றே பின்னுக்கு இழுத்தாலும் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் அது பெரிய உபகாரம். பொருத்தியபின் இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைக்கக் கூடாது, கிளட்ச் கேபிள் இழுபடக் கூடாது, விரல்கள் பெட்ரோல் டாங்கில் நசுங்கக் கூடாது. டாங்கின் பக்கங்களில் ரப்பர் பட்டைகள் ஒட்டித் தொடைகளால் இறுக்கிப் பிடிக்கப் பழகினால், பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் கைகளுக்குப் போகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே வண்டியின் சட்டகத்தை வெட்டுவது, பற்றவைப்பது போன்ற காரியங்களுக்குப் போகாமல், கழற்றி மாட்டக்கூடியவற்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

உயரமான கண்ணாடியைப் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. கண்ணாடியின் விளிம்பிலிருந்து புறப்படும் காற்று சுழன்று சுழன்று தலைக்கவசத்தில் மோதுமானால், கண்ணாடியே இல்லாதிருப்பது மேல். அந்தச் சுழலில் அகப்படுவதும் அநேகமாக உயரத்தில் இருக்கும் பின்னவரின் தலைதான். வண்டி ஓடும்போது அவரை நிதானமாகத் தலையை ஓர் அங்குலம் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்கச் சொல்லுங்கள். உயர்த்தும்போது இரைச்சல் குறைந்தால் கண்ணாடி அவருக்குச் சற்றே உயரம் அதிகம். தாழ்த்தும்போது குறைந்தால் உயரம் போதாது. 100 கி.மீ. வேகத்தில் தலைக்கவசத்துக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடுகிறபடியால், இருவரும் காதில் மிருதுவான அடைப்பான் வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் வண்டியை விட்டு இறங்கும்போது உணரும் சோர்வில் பாதி காது வழியாக வந்ததுதான்.

சாமான்களில் கனமானவை தாழ்வாகவும், பின்சக்கர அச்சுக்கு முன்னாலும் இருக்கட்டும். வாலுக்குப் பின்னே தொங்கும் பெட்டி முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, வேகத்தில் வண்டியை அலைய வைக்கும். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு, கன்னியாகுமரிக்கோ மூணாறுக்கோ கிளம்புவதற்கு முன், முழுச் சாமான்களோடு மாமல்லபுரம் வரை ஒருமுறை போய்த் திரும்புங்கள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, எங்கே வலிக்கிறது என்று பின்னால் இருப்பவரைக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு சீட் தொழிலாளியிடம் இரண்டாம் முறை போங்கள்.

(தொடரும்)