இடுப்பு முறிவும் வலி தணிக்கும் ஊசியும்

சொந்த ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நம்மவர் பலர், முதிய பெற்றோரையும் உடன் வைத்துக் காத்து வருகின்றனர். அத்தகைய இல்லம் ஒன்றில், குளியலறை ஈரத்தில் வழுக்கி மூதாட்டி ஒருவர் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எழ இயலவில்லை. ஒரு கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கிறது. தொடை எலும்பு இடுப்போடு பொருந்துமிடத்தில் முறிந்திருக்கலாம் என்பதற்கு இவை அடையாளங்கள். அவரைத் தூக்கி நிறுத்துவதும் எண்ணெய் தேய்த்து உருவுவதும் தீங்காகும். படுத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இம்முறிவுக்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவமே வழி. அதுவரை வலியைத் தணிப்பது எவ்வாறு? மார்பின் போன்ற மருந்துகள் நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகின்றன. ஆயினும் அவை உடல் முழுவதும் பரவிச் செயல்படுபவை. முதியோருக்கு அவற்றால் குமட்டல், மலச்சிக்கல், மனக்குழப்பம் நேரலாம். அளவு மிகுந்தால் மூச்சும் தளரும். வலியைத் தணிக்காது விட்டாலும் மனக்குழப்பம் வரக்கூடும் என்பதை மறத்தலாகாது.

வலிச் செய்தியைச் சுமந்து செல்லும் நரம்பையே வழியில் தடுத்துவிட்டால் என்ன? பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போக ஊசி போடுகிறார்கள் அன்றோ? இதுவும் அத்தகையதே. தொடையின் முன்புறம் ஓடும் பெரிய நரம்பு, இடுப்பு மூட்டுக்கும் கிளைகளை அனுப்புகிறது. தொடையும் வயிறும் சேரும் மடிப்பின் அருகே, தசையைப் போர்த்திய உறைக்கு அடியில் மருந்தைச் செலுத்தினால் அது பரவி அந்நரம்பை மரக்கச் செய்கிறது. 1989-ல் பிரெஞ்சு மருத்துவர் டாலென்ஸ் குழுவினர் குழந்தைகளுக்கென விவரித்த முறை, இன்று முதியோருக்கும் துணைபுரிகிறது. அல்ட்ராசவுண்டு திரையில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே மருந்து செலுத்துகின்றனர். ஏறத்தாழ அரைமணியில் வலி குறையும். அந்நிலை பல மணி நேரம் நீடிக்கும்.

இடுப்பு மூட்டுக்கு வேறு நரம்புகளும் உண்டாதலின், வலி முற்றும் நீங்காதிருக்கலாம். காலும் வலுவிழந்திருக்கும், வலி இல்லையென்று எழுந்து நிற்கலாகாது. மருந்து இரத்தக் குழாயுள் புகுந்தால் வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் நேரலாம். ஆகவேதான் ஊசிக்குப் பின்னரும் நோயாளியைக் கண்காணிக்கின்றனர். இரத்தம் உறையாதிருக்க அவர் மருந்து உண்பவராயின், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னுமொன்று. தமிழ் மட்டுமே அறிந்த தாய், வேற்றுமொழி மருத்துவர்முன் வாய் திறவாது வலியைப் பொறுத்துக்கொள்வார். அவர் மௌனத்தை நலமென்று எண்ணிவிடுவர். நீங்கள் அருகில் நின்று அவருக்கு நாவாக இருங்கள். “நரம்பை மரக்கச் செய்யும் ஊசி இங்கு உண்டா?” என்று தயங்காமல் கேளுங்கள்.