மதுவிடுதி மேடையும் ஹெவி மெட்டல் இசையும்: பர்மிங்காம் நகரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உள்ளூர் ஹெவி மெட்டல் குழுக்கள் மதுவிடுதிகளில் நடத்தும் இரவு நிகழ்ச்சியைப் பேரரங்க நிகழ்ச்சியின் சிறிய நகலாகக் காணும் போக்கு உள்ளது. அந்நிகழ்ச்சி இவ்விசை உருவாகும் களம் என்பதை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஹெவி மெட்டல், மதுவிடுதி, உள்ளூர் இசைக்குழு, மோஷ் பிட், பர்மிங்காம்.

முன்னுரை

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து அரங்கில் பிளாக் சாபத் குழு தன் இறுதி நிகழ்ச்சியை நடத்தியது. பதினேழு நாள்களுக்குப் பின் அக்குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் காலமானார். இவ்விரு நிகழ்வுகளையும் ஒட்டி எழுந்த பேச்சு, ஹெவி மெட்டலைப் பெருந்திரளின் இசையாகவே சித்திரித்தது. ஆயினும் இவ்விசையை வாசிப்போருள் மிகப் பெரும்பாலோர் அத்தகைய அரங்கை ஒருபோதும் எட்டுவதில்லை. மதுவிடுதியின் பின்னறையிலோ மாடி அறையிலோ சில பத்துப் பேர் முன்னிலையில் வாசிப்பதே அவர்தம் இசைவாழ்வு.

இதனை முதன்மைப் பொருளாகக் கொண்ட ஆய்வுகள் சிலவே. டீனா வைன்ஸ்டீன் 1991இல் வெளியிட்ட நூல் ஹெவி மெட்டலைச் சமூகவியல் நோக்கில் அணுகியது. ராபர்ட் வால்சரின் 1993ஆம் ஆண்டு நூல் இசைக்கூறுகளையும் ஆண்மை பற்றிய கருத்தாக்கங்களையும் ஆராய்ந்தது. இவ்விரண்டும் பெரிதும் புகழ்பெற்ற குழுக்களையே சான்றாகக் கொண்டவை. ஹாரிஸ் பெர்கர் 1999இல் வெளியிட்ட நூல் வேறு வழி சென்றது. டயர்த் தொழிலை இழந்து நின்ற ஒஹையோ மாநில ஆக்ரன் நகரத்தில், வெளியுலகம் அறியாத கலைஞர்களிடையே அவர் களப்பணி செய்தார். இக்கட்டுரைக்கு நெருக்கமானது அவ்வணுகுமுறையே.

அறையில் உருவான இசை

பர்மிங்காமின் ஸ்டேஷன் தெருவில் உள்ள கிரவுன் மதுவிடுதியில் ஜிம் சிம்ப்சன் 1968இல் ‘ஹென்றிஸ் புளூஸ்ஹவுஸ்’ என்னும் இசைக்கூடத்தைத் தொடங்கினார். அங்கு வாசித்த உள்ளூர்க் குழுக்களுள் ஒன்று ‘எர்த்’. சிம்ப்சன் அதன் முதல் மேலாளர் ஆனார். 1969இல் அக்குழு ‘பிளாக் சாபத்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

ஆஸ்டன் பகுதியின் தொழிற்சாலைச் சூழலே இவ்விசையின் கனத்த ஒலிக்குக் காரணம் என்று பலரும் எழுதியுள்ளனர். கிதார்க் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் உலோகத்தகட்டு ஆலையில் தம் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்ததும், செயற்கை விரல்நுனிகளை அணிந்து மெல்லிய தந்திகளில் வாசித்ததும், பின்னர்ச் சுருதியைத் தாழ்த்திக்கொண்டதும் இதற்குச் சான்றாகக் கூறப்படுகின்றன. அவை உண்மையே. எனினும் ஆலை மட்டும் ஓர் இசைவகையைத் தந்துவிடாது; ஆலைகள் நிறைந்த நகரங்கள் ஐரோப்பாவில் பல இருந்தன. அவ்வொலியை வாரந்தோறும் பிறர்முன் சோதித்துத் திருத்திக்கொள்ள இடம் தேவைப்பட்டது. அவ்விடத்தைத் தந்தவை மதுவிடுதிகளும் சிறு இசைக்கூடங்களும் ஆகும். ஹாம்பர்க் நகரின் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பல முறை மேடையேறிய அனுபவமும் இதனுடன் சேரும். 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான முதல் இசைத்தொகுப்பு ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டது. மேடைகளில் வாசித்து வாசித்துப் பதப்பட்ட பாடல்களாக இருந்தமையாலேயே அது இயன்றது எனலாம்.

1980களில் ஸ்பார்க்ஹில் பகுதியின் மெர்மெய்ட் மதுவிடுதி இத்தகைய மற்றொரு களமாக விளங்கியது. அங்கு அடிக்கடி வாசித்த நேபாம் டெத் குழுவின் ‘ஸ்கம்’ தொகுப்பு 1987இல் வெளிவந்தது. இதன் இரு பக்கங்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உறுப்பினர்களால் பதிவு செய்யப்பட்டவை. இரண்டிலும் இடம்பெற்றவர் டிரம்ஸ் கலைஞர் மிக் ஹாரிஸ் ஒருவரே. உள்ளூர் இசையுலகில் குழு என்பது எத்துணை நெகிழ்வானது என்பதை இது காட்டுகிறது. கலைஞர்கள் குழுவிட்டுக் குழு மாறினர். அவர்கள் கூடும் அறை மாறவில்லை.

ஓர் இரவின் அமைப்பு

மதுவிடுதி இரவொன்றில் வழக்கமாக மூன்று அல்லது நான்கு குழுக்கள் வாசிக்கும். முதற்குழுக்களுக்கு அரைமணி நேரம் கிடைக்கும். இறுதிக்குழுவுக்குச் சற்று மிகுதி. ஒலிச்சோதனை தலைகீழ் வரிசையில் நடைபெறும். இறுதியில் வாசிக்க வேண்டிய குழு முதலில் சோதனையை முடிக்கும். கடைசியாகச் சோதித்த குழு தன் கருவிகளை மேடையிலேயே வைத்துவிட்டு நிகழ்ச்சியைத் தொடங்கும். மேடை சிறிது, குழுக்களுக்கு இடைப்பட்ட நேரமும் குறைவு. ஆகவே டிரம்ஸ் கருவியின் பெரும்பகுதியும் கிதார் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் பொதுவாக இருக்கும். சிம்பல் தட்டுகள், ஸ்நேர் டிரம், மிதிகட்டை ஆகியவற்றை மட்டும் ஒவ்வொரு டிரம்ஸ் கலைஞரும் கொண்டுவருவார். இந்தக் கடன் கொடுப்பே நிகழ்ச்சியின் அடித்தளம். விலையுயர்ந்த கருவியை முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைப்பதற்கு நம்பிக்கை தேவை. அந்நம்பிக்கையை மீறியவருக்கு அடுத்த அழைப்பு எளிதில் வராது.

வருவாயும் இவ்வாறே பகிரப்படுகிறது. மது விற்பனை விடுதிக்குரியது. நுழைவுக்கட்டணத்திலிருந்தே ஏற்பாட்டாளரும் குழுக்களும் பங்கு பெறுவது பரவலான வழக்கம். மேசையில் விற்கும் டி-ஷர்ட்டுகளும் துணிப்பட்டைகளும் பல இரவுகளில் இசையைவிட மிகுதியாக ஈட்டித்தரும். ஆயினும் பார்வையாளர் யாவர் என்பதே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. முதற்குழு வாசிக்கும்போது முன்வரிசையில் நிற்போருள் கணிசமானோர் அடுத்து வாசிக்கவிருப்போரும், அவர்தம் நண்பரும், வேறொரு நாள் அதே மேடையில் வாசித்தோரும் ஆவர். தம் பங்கு முடிந்ததும் வெளியேறிவிடும் குழு மரியாதை இழக்கும். கீத் கான்-ஹாரிஸ் தம் 2007ஆம் ஆண்டு நூலில், மரபை மீறும் துணிச்சலால் பெறும் மதிப்பையும் அன்றாட உழைப்பால் பெறும் மதிப்பையும் வேறுபடுத்துகிறார். நிகழ்ச்சி ஏற்பாடு செய்தல், பிறர் பதிவுகளைப் பரப்புதல் போன்றவை இரண்டாம் வகையின. மேடையில் எவ்வளவு இருண்ட உருவம் பூண்டாலும், இவ்வுலகில் ஒருவரை நிலைநிறுத்துவது பெரும்பாலும் இவ்வுழைப்பே.

மோஷ் பிட்

மேடைக்கு முன் வட்டமாக இடம்விட்டு, அதனுள் ஒருவரையொருவர் மோதி ஆடும் வழக்கம் மோஷ் பிட் எனப்படும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் நிகழ்ச்சிக் காணொளிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டனர். மோதுவோரின் வேகப் பரவல் இருபரிமாண வாயுவின் மூலக்கூறுகளினதை ஒத்திருந்தது. எல்லோரும் ஒரே திசையில் சுற்றியோடும் வட்டங்களுள் மிகப் பெரும்பாலானவை இடஞ்சுழியாக அமைந்தன.

அவ்வாய்வு அழகியது, ஆனால் வாயு மூலக்கூறு கீழே விழுவதில்லை. மோஷ் பிட்டில் விழுந்தவரை அருகிலுள்ளோர் உடனே தூக்கி நிறுத்துவர். மூக்குக்கண்ணாடி தவறினால் ஆட்டம் அவ்விடத்தில் நின்று, தேடல் தொடங்கும். விலகி நிற்க விரும்புவோரை உள்ளே இழுப்பது பிழையாகக் கருதப்படும். மதுவிடுதியில் இவ்விதிகள் இன்னும் இறுக்கமாகின்றன. பேரரங்கில் மோதியவர் கூட்டத்தில் மறைந்துபோகலாம். சிறிய அறையில் அவரைப் பத்து நிமிடத்தில் மதுமேசையருகே சந்திக்க நேரும். வன்முறை போலத் தோன்றும் ஆட்டம் வன்முறையாக மாறாமல் இருப்பதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

அறைகளின் இன்றைய நிலை

பிரித்தானியச் சிறு இசையரங்குகளுக்கான மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் கணக்கின்படி 2023இல் மட்டும் 125 அரங்குகள் நேரடி இசையை இழந்தன. வாடகை, மின்கட்டண உயர்வு, புதிதாக எழும் குடியிருப்புகளின் இரைச்சல் புகார் ஆகியன காரணங்களுள் அடங்கும். பழைய இசையரங்கின் அருகில் வீடு கட்டுவோரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நெறி 2018இல் இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் சேர்க்கப்பட்டது. அது புகாரைத் தடுக்க உதவும். வாடகையைக் குறைக்க உதவாது.

பர்மிங்காம் தன் மெட்டல் மரபைப் போற்றுவதில் குறை வைக்கவில்லை. 2011இல் ‘ஹோம் ஆஃப் மெட்டல்’ கண்காட்சிகள் நடைபெற்றன. 2019இல் பிராட் தெருவின் கால்வாய்ப் பாலத்திற்குப் பிளாக் சாபத் பெயர் சூட்டப்பட்டு, உறுப்பினர் நால்வரின் உருவங்களுடன் இருக்கையொன்றும் நிறுவப்பட்டது. கிரவுன் மதுவிடுதியோ 2014இல் மூடப்பட்டது. அதே ஸ்டேஷன் தெருவில் 1909இல் திறக்கப்பட்ட எலக்ட்ரிக் திரையரங்கும் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டபின், தெருவையே காக்கும் இயக்கம் எழுந்தது. அவ்வியக்கம் கட்டடத்தை மீட்டாலும், இன்னும் பெயர் பெறாத நான்கு குழுக்கள் ஒரு செவ்வாய் இரவில் அங்கு டிரம்ஸ் கருவியைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி.