நூல் அறுந்தால் ரேடியோ போய்விடுமா?

கூடத்து மேஜையில், பின்னல் விரிப்பின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது தாத்தா காலத்து வால்வு ரேடியோ. விளக்கு எரிகிறது, உள்ளே "கொர்" என்று சத்தமும் வருகிறது. ஆனால் ஸ்டேஷன் மாற்றும் திருகைத் திருப்பினால், அது தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் முள்ளோ, "நான் அசைவேனா?" என்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பெட்டி போய்விட்டது. பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாம்!"

அவசரப்படாதீர்கள், அம்மா! பெட்டி போகவில்லை. போனது இரண்டு மூன்று முழம் நூல்தான்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த நாட்களில் ரேடியோவுக்கு 'தே-எஸ்-எஃப்' என்று ஒரு பெயர் உண்டு. கம்பியில்லாமல் வருவது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், கம்பியைக் குறிக்கும் அந்த 'ஃபில்' என்ற பிரெஞ்சு வார்த்தைக்கு நூல் என்றும் பொருள் உண்டு. கம்பியில்லாமல் பாட்டு வரலாம். நூல் இல்லாமல் ஸ்டேஷன் வராது!

நூலுக்கு என்ன வேலை?

பெட்டிக்குள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு வரிசை அசையாமல் நிற்கும்; இன்னொரு வரிசை அதன் இடுக்குகளில் புகுந்து புறப்படும். இதற்குக் 'கேங் கண்டென்ஸர்' என்று பெயர். தகடுகள் எவ்வளவு உள்ளே போகின்றன என்பதைப் பொறுத்தே எந்த ஸ்டேஷன் கேட்கும் என்பது தீர்மானமாகிறது. திருகுக்கும் இந்தத் தகடுகளுக்கும் நடுவே தூது போவதுதான் நூல். திருகின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சின்னச் சின்னக் கப்பிகளின் வழியே ஓடி, கண்டென்ஸரோடு சேர்ந்த பெரிய சக்கரத்தை அது திருப்புகிறது. போகிற வழியில் முள்ளையும் இழுத்துச் செல்கிறது. நூல் தளராமல் இருக்கச் சக்கரத்துக்குள் ஒரு சிறு ஸ்பிரிங் உண்டு.

காரைக்கால் போன்ற கடற்கரை ஊரில் முதலில் கெடுவது இவைதாம். உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பழைய பருத்தி நூல் இற்றுப்போகும்.

நோய் எது என்று பாருங்கள்

திருகு சுற்றி, முள் நகராவிட்டால், நூல் அறுந்திருக்கும் அல்லது வழுக்கும். முள் நகர்ந்தும் ஸ்டேஷன் மாறாவிட்டால், சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். திருப்பும்போது 'கரகர' என்றால், தகடுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அல்லது அழுக்குச் சேர்ந்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் போனால், நூல் அறுந்த பெட்டிக்கு வால்வு மாற்றிய கணக்கு உங்கள் தலையில் விழாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வால்வு ரேடியோவுக்குள் இருநூறு, முந்நூறு வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸர்களில் அது தங்கியிருக்கும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி.-டி.சி. பெட்டிகளில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் பாயக்கூடும். ஆகவே பெட்டியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். பல வருஷம் சும்மா கிடந்த பெட்டியை, "பாடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கில் செருகிப் பார்ப்பதும் கூடாது.

பக்கத்தில் நின்று கவனியுங்கள்

பழைய நூலை எடுக்குமுன், அது போகும் வழியை ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். கோலத்துக்குப் புள்ளி மாதிரி இது. ஒரு சுற்றுத் திசை மாறினாலும் முள் எதிர்ப்பக்கம் ஓடும்! புதிய நூல் பின்னல் நூலாக இருக்கவேண்டும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் மெல்லிய பின்னல் நைலான் நன்றாக உழைக்கும். வழவழப்பான தூண்டில் நரம்பு உதவாது. தண்டில் பிடிக்காமல் வழுக்கும். அப்படியும் வழுக்கினால், பிடில் வில்லுக்குப் பூசும் ரோசனத்தைக் கொஞ்சம் நூலில் தடவலாம். எண்ணெய் மட்டும் நூலில் படவே கூடாது.

தகடுகள் முழுவதும் உள்ளே போன நிலையில், மீட்டர் எண் பெரிதாக உள்ள கோடியில் முள்ளை மாட்டவேண்டும். பிறகு தெரிந்த ஒரு ஸ்டேஷனை வைத்துச் சரிபார்த்தால் வேலை முடிந்தது.

டயல் கண்ணாடியை நீங்கள் துடைக்கலாம். ஆனால் வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் ஈரத்துணி பட்டால் எழுத்து அழிந்துவிடும். அந்த எழுத்துக்கள் லேசானவையா? பிரெஞ்சு ஆட்சியில் காரைக்கால்காரர்கள் பலர் சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். அவர்கள் வீட்டில் ஐரோப்பியப் பெட்டி ஒன்று இருந்தால், பாரிஸ், லக்ஸம்பர்க் என்று ஊர்ப் பெயர்களே அதன் கண்ணாடியில் வரிசையாக நிற்கும். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைக் குறைத்தபோது, நம் வீட்டு முட்களெல்லாம் கடல் தாண்டி ரேடியோ சிலோன் பக்கம் சாய்ந்தன. 1957-ல் விவித பாரதி பிறந்த பிறகுதான் சினிமாப் பாட்டுக்கு மறுபடியும் நம் வானொலியில் நல்ல இடம் கிடைத்தது.

நூல் கட்டியபின் காரைக்கால் வானொலி கேட்கவில்லையே என்று கலங்கவேண்டாம். அது 100.3-ல் வரும் எப்.எம். ஒலிபரப்பு. மத்திய அலை, சிற்றலை மட்டும் உள்ள பெட்டிக்கு அது எட்டாது. பகலில் ஏமாற்றினாலும் பொறுமையாக இருந்து, இரவு சாப்பாடு முடிந்தபிறகு திருகை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இருட்டிய பின் மத்திய அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். எந்த ஊர்க் குரலாவது, எந்தப் பாஷையிலாவது உங்கள் கூடத்துக்கு வந்து சேரும்.

இரண்டு மூன்று முழம் நூலுக்கு இதைவிட நல்ல உபயோகம் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!