வெள்ளைப்படுதலும் வீண் கூச்சமும்

பௌர்ணமி இரவில் அண்ணாமலையை வலம்வர 14 கிலோமீட்டர் நடந்து, வழியிலுள்ள கழிவறைகளுக்கு அஞ்சித் தண்ணீரும் குடிக்காமலிருந்து, வியர்வையில் ஊறிய பாவாடையை ஊர் போய்ச் சேரும்வரை மாற்றாமல், அரிப்பும் எரிச்சலுமாகத் திரும்பும் ஸ்திரீகளில் பலர் அடுத்துச் செய்யும் காரியம் ஒன்றுண்டு: மருந்துக் கடையில் ஆண்கள் விலகும்வரை ஓரமாக நின்று, யாரோ எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை நீட்டி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தரும் களிம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவது. வியாதி இன்னதென்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

வெள்ளைப்படுதலெல்லாம் வியாதியன்று. மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட நாட்களிலும் கர்ப்பகாலத்திலும் துர்நாற்றமோ அரிப்போ இல்லாமல் படுவது இயல்பே. யோனிக்குள் வாழும் லாக்டோபாசில்லஸ் என்னும் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அவ்விடத்தைத் தாமே ரக்ஷிக்கின்றன. சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் முதலியவற்றால் உள்ளே கழுவுவது அந்தக் காவலைக் கலைத்துவிடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். உள்ளே கழுவ வேண்டாம். எந்த விளம்பரம் சொன்னாலும் வேண்டாம்.

தயிர்த் திப்பியாகத் திரண்டு அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் நாற்றமும் சாம்பல் நிறமும் பாக்டீரியாக் கோளாறின் லக்ஷணம். மஞ்சளோ பச்சையோ நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் தொற்று, கணவருக்கும் சிகிச்சை செய்யாவிடில் மீண்டும் தொற்றுவது. பூஞ்சைக்குரிய குளோட்ரிமசோல் மற்ற இரண்டையும் தீர்க்காது. அவற்றுக்குரிய மெட்ரோனிடசோல் பூஞ்சையைத் தொடாது. அந்த மாத்திரையோ, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத அட்டவணை 'எச்' மருந்து. அறிந்தே விற்கும் கடைக்காரரையும், கண்டும் காணாதிருக்கும் அதிகாரிகளையும் என்னென்பது!

செய்யவேண்டியது இதுதான். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காலையில் புறநோயாளிச் சீட்டுப் பதியுமிடத்தில் "மகளிர் நோய்ப் பிரிவு" என்று சொன்னால் போதும். பின்னால் நிற்பவர் காதுபட விவரம் சொல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களிலும் இத்தொற்றுகளுக்குச் சிகிச்சை இலவசம். கர்ப்பம், சர்க்கரை வியாதி, ஏற்கெனவே தடவிய களிம்பு ஆகியவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுக. பரிசோதிப்பவர் ஆணாயின் உடன் ஒரு பெண் இருக்கவேண்டுமெனக் கோருவது, தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்திலுள்ள உரிமை. அது மறுக்கப்பட்டால் தேதி, பிரிவு, சீட்டு எண், நடந்தது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, சீட்டின் நகலை இணைத்து மருத்துவமனைத் தலைமையிடம் கொடுங்கள். அசைவில்லையேல் வேங்கிக்காலிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுவைப் பதிந்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன புகாருக்கு ஆயுள் அந்த வாசற்படி வரையில்தான். மருத்துவர் சீட்டின்றி மருந்து விற்கும் கடையைப்பற்றி மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம்.

மறுபடியும் சொல்கிறேன், களிம்பு வாங்கித் தடவிப் பார்த்துக் காலங்கடத்தலாகாது. அடிவயிற்று வலியுடன் காய்ச்சல், உறவுக்குப்பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், இவற்றில் எதுவாயினும் அன்றே போகவேண்டும். அடிக்கடி பூஞ்சை வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கவேண்டும். 30 வயது கடந்தவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

நேரில் போகச் சங்கோசப்படுவோர் முதலில் 104 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். கட்டணமுமில்லை, முகம் காட்ட வேண்டியதுமில்லை.