மழைமானி தவறவிட்ட கணக்கு

குன்னூர் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து வருகிறார்கள். மழை அவர்களுக்கு வெறும் பாடத் தலைப்பு அல்ல. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இரவில் மழை வலுத்தால், வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை நினைத்துத் தூங்காமல் இருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு.

அதனால் அறிவியல் மன்றத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டவுடன் மாணவர்கள் சொன்னது மழைமானி. அதைச் செய்தபோது நாங்கள் செய்த ஒரு பிழை, பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் ‘சாதன இயக்கி’ என்ற கருத்தை எனக்கே புதிதாகப் புரியவைத்தது. அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

கருவியும் பிழையும்

கருவி எளிமையானது. புனலில் விழும் நீர், சீசா போல் அமைந்த இரண்டு சிறு கிண்ணங்களில் ஒன்றில் சேரும். அது நிறைந்ததும் கவிழும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பும் 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கவிழும்போது ஒரு காந்தம் சிறு சுவிட்ச் ஒன்றைக் கடந்து செல்லும். அந்தச் சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரம் மூடித் திறக்கும். அதை எண்ணுவதற்கு ஓர் இஎஸ்பி32 பலகை. கூடவே வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் உணரி, ஒரு சிறு திரை. நிமிடத்துக்கு ஒருமுறை அளவீட்டை வைஃபை வழியாக ஆய்வகக் கணினிக்கு அனுப்ப வேண்டும்.

நிரலை ஒரே சுழற்சியாக எழுதினோம்: சுவிட்சைப் பார், திரையில் காட்டு, நேரம் வந்தால் அனுப்பு, மீண்டும் சுவிட்சைப் பார். தூறல் நாட்களில் சரியாகவே வேலை செய்தது. பிறகு ஒரு பெருமழை வந்தது. பக்கத்தில் வைத்திருந்த சாதாரண அளவு உருளையில் 48 மி.மீ. எங்கள் கருவியில் 36 மி.மீ. 240 கவிழ்ப்புகளில் 60 காணாமல் போயிருந்தன.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், கம்மியா மழை பெய்தா சரியாச் சொல்லுது; நிறையப் பெய்தா தப்பாச் சொல்லுது. அப்போ இது எதுக்கு சார்?”

அவள் கேட்டது நியாயம். காரணத்தைத் தேடினோம். மழை நேரத்தில் வைஃபை தடுமாறியது. அனுப்பும் வேலை முடிய 15 விநாடிகள் வரை ஆயின. அந்த 15 விநாடிகளும் நிரல் அங்கேயே நின்றது. சுவிட்சைப் பார்க்க ஆளில்லை. தூறலில் ஒரு கவிழ்ப்புக்கும் அடுத்ததற்கும் பல நிமிட இடைவெளி இருப்பதால் இழப்பு தெரியவில்லை. மழை வலுத்தபோது, நிமிடத்தில் கால் பங்கு நேரம் கண்ணை மூடியிருந்த கருவி கால் பங்கு மழையைத் தவறவிட்டது.

நிகழ்நேரம் என்றால் வேகம் அல்ல

இஎஸ்பி32 பலகையில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயக்க அமைப்பு முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ரிச்சர்ட் பேரி என்பவர் 2003-இல் வெளியிட்ட அமைப்பு இது. நாங்கள் எழுதிய சுழற்சியும் அதன் கீழ் ஓடும் ஒரு பணிதான். பல பணிகளைப் பிரித்துக் கொடுக்கும் வசதி இருந்தும், எல்லா வேலையையும் ஒரே பணியின் தலையில் கட்டியிருந்தோம்.

நிகழ்நேர அமைப்பு என்றதும் மிக வேகமான அமைப்பு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பொருள், குறித்த வேலை குறித்த நேரத்துக்குள் நடந்தே தீரும் என்ற உறுதி. அந்த உறுதி கிடைக்க, வன்பொருளோடு பேசும் பகுதி ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பகுதிதான் சாதன இயக்கி.

மூன்று அடுக்குகள்

சிறு விவசாயிகளின் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்க்கும் ஏஜென்டை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பாதை, எங்கே வண்டி போகும், எங்கே தலைச்சுமைதான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தொழிற்சாலை அவரிடம் கேட்பது “இன்று எத்தனை கிலோ?” என்பது மட்டும். பாதை மாறினாலும் தொழிற்சாலையின் கேள்வி மாறாது.

சாதன இயக்கியும் இப்படித்தான். மேல் அடுக்கில் நம் பணிகள்: கணக்கிடு, காட்டு, அனுப்பு. கீழ் அடுக்கில் வன்பொருள்: சுவிட்ச், உணரி, திரை. நடுவில் இயக்கி. அதன் மேல்முகம் ‘தொடங்கு’, ‘படி’, ‘எழுது’ போன்ற பொதுவான கட்டளைகளை ஏற்கும். கீழ்முகம் எந்தப் பின், எந்தப் பதிவகம், எத்தனை மில்லிவிநாடி என்ற விவரங்களைக் கவனிக்கும். நட்எக்ஸ் என்ற அமைப்பு பல இயக்கிகளை ‘மேல் பாதி’, ‘கீழ் பாதி’ என்றே பிரித்து வைத்திருக்கிறது.

இதன் பயனை விரைவில் கண்டோம். மலை ஈரத்தில் எங்கள் வெப்ப உணரி கெட்டது. வேறு வகை உணரியை மாட்டினோம். இயக்கியை மட்டும் மாற்றியதும் மேலே உள்ள நிரல் ஒரு வரிகூட மாறாமல் ஓடியது.

எல்லா அமைப்புகளும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் பணிகளையும் வரிசைகளையும் பூட்டுகளையும் தருகிறது. இயக்கிகளைச் சில்லு தயாரிப்பவரோ நாமோதான் எழுத வேண்டும். லினக்ஸ் அறக்கட்டளை 2016-இல் தொடங்கிய செஃபிர் அமைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பதிவேடே உண்டு: சாதனத்தின் பெயர், மாறாத விவரம், மாறும் நிலை, செய்யக்கூடிய செயல்களின் பட்டியல். நம் மாணவர் பதிவேட்டில் சேர்க்கை எண் மாறாது, வருகை தினமும் மாறும் அல்லவா? அதுபோல. எந்தச் சாதனம் முதலில் எழ வேண்டும் என்ற வரிசையும் அதில் உண்டு. உணரிக்குச் செல்லும் கம்பித்தடம் தயாராகும் முன் உணரியை எழுப்பினால் அது பதில் சொல்லாது.

மணி அடித்தால் குறித்துவிட்டு நகர்

அடுத்து, தவறிய கவிழ்ப்புகளை மீட்க வேண்டும். சுவிட்சை நாம் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக, அதுவே நம்மை அழைக்கும்படி செய்தோம். இதுவே குறுக்கீடு. சுவிட்ச் மூடியதும் செயலி தன் வேலையை நிறுத்திவிட்டு இயக்கியின் ஒரு சிறு பகுதிக்குத் தாவும்.

அந்தச் சிறு பகுதிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. நேரத்தைக் குறிக்கும், ஒரு வரிசையில் போடும், உடனே திரும்பும். சுவிட்ச் ஒருமுறை மூடும்போதே பலமுறை அதிர்வதால், மிக அருகருகே வரும் குறிப்புகளைத் தள்ளிவிட்டு மழையளவைக் கணக்கிடுவது பிறகு எழும் ஒரு பணியின் பொறுப்பு. அனுப்பும் பணி 15 விநாடிகள் தவித்தாலும் கவிழ்ப்புகள் வரிசையில் பத்திரமாக இருக்கும்.

ஒரே கம்பித்தடத்தைத் திரையும் உணரியும் பகிர்ந்துகொண்டதால் இன்னொரு சிக்கல் வந்தது. ஒன்று பேசி முடிக்கும் முன் மற்றது பேசினால் தரவு குழம்பும். எனவே தடத்தின் இயக்கியில் ஒரு பூட்டு வைத்தோம். பூட்டு வைத்தாலும் எச்சரிக்கை தேவை. 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி, சில நாட்களில் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒன்று பகிர்வுப் பூட்டைப் பிடித்திருந்தது. அதே பூட்டுக்காக முன்னுரிமை மிகுந்த பணி காத்திருந்தது. இடைநிலைப் பணிகள் நடுவில் புகுந்து முதல் பணியை முடிக்க விடவில்லை. பூட்டை வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக உயர்ந்த முன்னுரிமை கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இதற்குக் கணினி தேவையில்லை. தொடக்க வகுப்பிலும் செய்யலாம். ஒரு மாணவர் அவ்வப்போது கை தட்டுவார்; அவரே கிண்ணம். இன்னொருவர் கரும்பலகையில் நீண்ட வாக்கியம் ஒன்றை எழுதிக்கொண்டே தட்டல்களையும் எண்ண வேண்டும். எழுதி முடிக்கும்வரை காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை தவறும். அடுத்த சுற்றில், ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட மட்டும் மூன்றாமவரை நிறுத்துங்கள். எழுதுபவர் முடித்ததும் கொட்டைகளை எண்ணட்டும். இயக்கி, வரிசை, பணி மூன்றும் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

மாற்றங்களுக்குப் பின் வந்த அடுத்த பெருமழையில் உருளையும் கருவியும் ஏறக்குறைய ஒத்துப்போயின. சிறு வேறுபாடு இருந்தது. கிண்ணம் கவிழும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராது. அது நிரலின் குறை அல்ல.

எங்கள் மழைமானி யாருக்கும் எச்சரிக்கை விடுப்பதில்லை. அது அரசுத் துறைகளின் பொறுப்பு. ஆனால் ஒரு கருவி எந்த நேரத்தில் தவறக் கூடாதோ அந்த நேரத்துக்காகத்தான் அதை வடிவமைக்க வேண்டும் என்பதை மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். அளவு உருளையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “வேண்டாம் சார், அது பக்கத்திலேயே இருக்கட்டும்” என்றாள் அன்று கேள்வி கேட்ட அதே மாணவி. இன்றும் அது அங்கேயே இருக்கிறது.