மலிவு விபிஎஸ்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

சேலையூரில் ஆன்லைன் தேர்வு நடத்தும் டியூஷன் சென்டர், குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர், பெருங்களத்தூரில் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கும் பையன் என்று பலரும் இன்று மாத வாடகைக்கு விபிஎஸ் என்ற மெய்நிகர் சர்வர் எடுக்கிறார்கள். ராம் எத்தனை ஜிபி, டிஸ்க் எவ்வளவு என்று பார்ப்பவர்கள், அது கேவிஎம்-ஆ, ஓப்பன்விஇசட்-ஆ என்று கேட்பதில்லை. விற்பவர் சிலர் அதைத் தாமாகச் சொல்வதும் இல்லை.

ஓப்பன்விஇசட், எல்எக்ஸ்சி போன்ற கண்டெய்னர் வகைகள் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. ஒரே லினக்ஸ் கெர்னலை எல்லா வாடகைதாரர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதை மாற்றவோ அப்டேட் செய்யவோ உங்களால் முடியாது, விண்டோஸ் போடவும் முடியாது. டேலியை ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டலாம் என்று நம்பி இதை எடுத்த கணக்காளருக்குக் கட்டிய பணம் தண்டம். பழைய ஓப்பன்விஇசட் 6-க்கான ஆதரவு 2019-லேயே முடிந்துவிட்டது. அதன் 2.6.32 கெர்னலில் இன்றைய டாக்கர் ஓடாது.

கேவிஎம் 2007-ல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. இதில் ஒவ்வொருவருக்கும் தனி கெர்னல் உண்டு, ராமும் பெரும்பாலும் சொன்னபடி கிடைக்கும். 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்' என்ற பிராசஸர் ஓட்டை வெளியானபோது அதிகம் கலங்க வேண்டியிருந்தது ஒரே கெர்னலைப் பகிர்ந்தவர்கள்தான். அதற்காகக் கண்டெய்னரே கூடாது என்று சொல்லமாட்டேன். நாலு பக்க வெப்சைட்டுக்கு அது தாராளம். கண்டெய்னர் விலையில் கண்டெய்னராகவே விற்கட்டும். மறைத்து விற்பதுதான் தப்பு.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். டெர்மினலில் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' என்ற கமாண்டைப் போட்டால் கேவிஎம், எல்எக்ஸ்சி, ஓப்பன்விஇசட் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்துவிடும். அடுத்து 'டாப்' போட்டு, சிபியு வரியின் கடைசியில் 'எஸ்டி' என்று நிற்கும் எண்ணைப் பாருங்கள். உங்கள் பங்கு பிராசஸர் நேரம் எவ்வளவு பக்கத்து ஆட்களுக்குப் போகிறது என்பதை அது காட்டும். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு அது தொடர்ந்து பத்துக்கு மேல் நின்றால், கேவிஎம் என்ற பெயரிலும் அளவுக்கு மீறி ஆளேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

எந்த வகையானாலும் பேக்கப் உங்கள் பொறுப்பு. 2009 ஜூனில் பிரிட்டனின் விஏசர்வ் நிறுவனத்தில் ஏறத்தாழ 1,00,000 வெப்சைட்கள் அழிந்தன. பெங்களூரில் உருவான ஹைப்பர்விஎம் என்ற கண்ட்ரோல் பேனலின் ஓட்டை வழியாக ஆள் நுழைந்ததாக அந்நிறுவனம் சொன்னது. பேக்கப் இல்லாத மலிவு பிளானில் இருந்தவர்கள் பலருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. பேக்கப்பை வேறு ஊரில், வேறு நிறுவனத்திடம் வையுங்கள். முடிச்சூரில் தரைத்தள வீட்டுக் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டாம் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சர்வர் ஹேக் ஆனால் விசாரணை உங்களைத் தேடி வரும். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, விபிஎஸ் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களைச் சரிபார்த்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே நண்பர் பெயரில் எடுத்துப் பயன்படுத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பண மோசடி என்றால் உடனே 1930-க்குப் பேசலாம்.

கேவிஎம் என்று சொல்லி வேறொன்றைத் தந்தால் அது சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறையும்கூட. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு விற்பவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரம், பல்லாவரம்காரர்களுக்கு அது செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் பதியலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாக, பிழைப்புக்காக எடுத்தது என்றால் புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.

இந்தியாவில் அலுவலகமே இல்லாத வெளிநாட்டு விற்பனையாளரிடம் இதெல்லாம் காகிதத்தில்தான் பலன் தரும். அங்கே கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கார்டு வழங்கிய வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கும் ஒரு வழியாவது மிஞ்சும்.